வில்லையின் பிம்பத் தரம்

ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளிக்கதிர்கள் வில்லையைக் கடந்து மீண்டும் ஒரே புள்ளியில் கூடினால்தான் பிம்பம் துலக்கமாக விழும். கண்ணாடியின் இயல்பு அதற்கு எளிதில் இடம்கொடுப்பதில்லை. கோளப் பரப்பின் ஓரத்தில் நுழையும் கதிர்கள் நடுக்கதிர்களுக்கு முன்பே குவிகின்றன; இது கோளப் பிறழ்ச்சி. நீல ஒளி சிவப்பைவிட அதிகம் வளைவதால் பிம்பத்தைச் சுற்றி நிறக்கரை படிகிறது. இது நிறப் பிறழ்ச்சி.

நிறக்கரையை நீக்க வழியில்லை என்று கருதிய நியூட்டன் வில்லையைக் கைவிட்டு, 1668இல் ஆடியால் தொலைநோக்கி அமைத்தார். அவர் கருத்து தவறென்று காட்டியவர் செஸ்டர் மூர் ஹால் என்ற ஆங்கில வழக்கறிஞர். கிரௌன், ஃபிளிண்ட் ஆகிய இருவகைக் கண்ணாடிகளை இணைத்தால் ஒன்றின் நிறப்பிரிகையை மற்றொன்று ஈடுசெய்யும் என்று அவர் கண்டார். ஆனால் அதற்கான காப்புரிமையும் புகழும் 1758இல் ஜான் டாலண்டுக்குப் போயின.

வானியலாளருக்குப் பிம்பத்தின் நடுப்பகுதி தெளிவாக இருந்தால் பெரும்பாலும் போதும். புகைப்படக்காரருக்கு நான்கு மூலைகளும் வேண்டும். யோசஃப் பெட்ஸ்வால் 1840இல் கணக்கிட்டு வடிவமைத்த உருவப்பட வில்லை அன்றைய பிற வில்லைகளைவிடப் பல மடங்கு ஒளியை வாங்கியது. முகம் தெளிவாக விழுந்தது, ஓரங்கள் மங்கின. நிறத்தைச் சாராத பிறழ்ச்சிகளை லுட்விக் சைடல் 1857இல் ஐந்தாக வகுத்தார். கணிதம் இவ்வளவு முன்னேறியும் அது கேட்ட கண்ணாடி கைவசம் இல்லை. எர்ன்ஸ்ட் ஆபேயும் ஓட்டோ ஷாட்டும் யேனா நகரில் 1884இல் கண்ணாடி ஆலை தொடங்கியபின், பேரியம் கலந்த புதுவகைகள் கிடைத்தன. பௌல் ருடோல்ஃபின், மூலை வரை தெளிவான அனாஸ்டிக்மாட் வில்லை 1890இல் வந்தது.

எல்லாப் பிழைகளையும் களைந்தாலும் ஒளியின் அலைத்தன்மை குறுக்கே நிற்கும் என்பதை ஆபே 1873லேயே நிறுவியிருந்தார். மிகச் சிறந்த வழக்கமான ஒளி நுண்ணோக்கியும் பச்சை ஒளியில் ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டருக்குக் கீழான இடைவெளியைப் பிரித்துக் காட்டாது. கேமராவின் துளையைச் சுருக்கினால் பிறழ்ச்சிகள் குறையும், அலைத்தன்மையால் வரும் விளிம்பு விளைவு கூடும். எஃப்/16 துளையில் ஒரு புள்ளி சுமார் 21 மைக்ரோமீட்டர் அகல வட்டாகப் பரவும்.

ருடோல்ஃபின் பிளேனார் வில்லையின் கதை இன்னும் சுவையானது. 1896இல் உருவான அதன் பிறழ்ச்சித் திருத்தம் உயர்ந்தது. ஆனால் காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. ஒவ்வொன்றிலும் 4 விழுக்காட்டுக்கு மேல் ஒளி எதிரொளித்தது. அப்படித் திரும்பிய ஒளியில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து, கருமையின்மேல் மெல்லிய வெண்திரையாகப் படர்ந்தது. ஆறே பரப்புகள் கொண்ட 1902ஆம் ஆண்டின் டெஸ்ஸார் வில்லையே சந்தையில் வென்றது. 1935இல் அலெக்சாண்டர் ஸ்மகுலா எதிரொளிப்பைக் குறைக்கும் மென்பூச்சுக்கு வழி கண்டார். இரண்டாம் உலகப்போருக்குப்பின் அது பரவலானதும் பிளேனார் மறுவாழ்வு பெற்றது.

நெருங்கிய கோடுகளைப் பிரித்துக் காட்டும் திறன் மட்டுமே தரம் என்ற பழைய அளவுகோலும் இதற்கிடையில் ஆட்டம் கண்டது. நுண்ணிய கோடுகளைக் காட்டும் வில்லைகூட வெளிறிய படம் தரக்கூடும். எனவே கோடுகள் நெருங்க நெருங்கக் கருமை வெண்மை வேறுபாடு எவ்வளவு எஞ்சுகிறது என்று அளக்கும் முறை 1940களுக்குப்பின் வலுப்பெற்றது. தொலைக்காட்சி ஆய்வில் ஈடுபட்ட ஓட்டோ ஷேட் அதற்கு முன்னோடி. இன்றைய கைபேசிக் கேமராக்களிலோ கோடுகள் வளைந்து விழும் உருத்திரிபை மென்பொருளே நேராக்கிவிடுகிறது. வடிவமைப்பாளர்கள் அந்தப் பிழையைத் தெரிந்தே விட்டுவைத்து, மற்றவற்றைத் திருத்துகிறார்கள்.