யாருக்கு விழிப்புணர்வு? டயகம சிறுமியின் மரணமும் தொலைக்காட்சியும்

மலையகப் பெண்களையும் தொலைக்காட்சியையும் சேர்த்து ஆராய்ந்தவர்களிடையே ஒரு கருத்து வேரூன்றிவிட்டது. தோட்டப் பெண்ணுக்குத் தன் உரிமை தெரியாது; தொடர்நாடகங்களைக் குறைத்து விழிப்புணர்வு நிகழ்ச்சிகளைக் கூட்டினால் அந்தக் குறை தீரும் என்பது அது. ஆகவே, எத்தனை பெண்கள் எந்த நிகழ்ச்சியைப் பார்த்தார்கள் என்பதோடு ஆய்வு முடிந்துவிடுகிறது. அறியாமை யாரிடம் இருக்கிறது என்பதையே இந்த அணுகுமுறை பிழையாகக் கொண்டிருக்கிறது என்பது என் வாதம்.

2021 ஜூலையை எடுத்துக்கொள்வோம். முன்னாள் அமைச்சர் ஒருவரின் கொழும்பு வீட்டில் வேலைசெய்த, நுவரெலியா மாவட்டம் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, தீக்காயங்களுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 15ஆம் திகதி இறந்தாள். தரகர் உட்படச் சிலர் கைதானார்கள். அம்மாத இறுதியில் உடல் தோண்டியெடுக்கப்பட்டு இரண்டாவது பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது. தொலைக்காட்சிகள் நாள்தோறும் இதைப் பேசின. மலைநாட்டிலும் வெளியிலும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. மேல் மாகாணத்தில் வீட்டு வேலைக்கு வைக்கப்பட்ட சிறுவர்களைத் தேடிப் பொலிசார் இறங்கினார்கள்.

தொலைக்காட்சி ஊட்டிய விழிப்புணர்வின் வெற்றி என்று இதைக் கொள்வோர் உண்டு. ஓரளவுக்கு அது சரிதான். ஆனால் அன்று விழித்துக்கொண்டவர்கள் யார்? பிள்ளைகளைக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பும் வழக்கம் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் எவருக்கும் புதுச்செய்தியன்று. அதைக் காணாதிருந்தவை நகரத்து வீடுகளும் அரசும்தான். கேமரா கொழும்பு வீட்டு வாசலில் நின்றவரை கேள்வி சரியான இடத்தில் இருந்தது. அது டயகம லயத்துக்கு ஏறியதும் கேள்வி தாயின் பக்கம் திரும்பியது: ஏன் அனுப்பினீர்கள்? நான் பார்த்த ஒளிபரப்புகளில் இதற்கு வறுமை என்ற ஒரு சொல்லே போதிய விடையாக இருந்தது.

அந்த வறுமைக்குக் கணக்கு உண்டு. அச்சிறுமியின் மரணத்துக்கு நான்கு மாதம் முன்பு, மார்ச்சில், நாட்சம்பளம் 1,000 ரூபாய் என வர்த்தமானி அறிவித்தது: 900 அடிப்படை, 100 கொடுப்பனவு. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. பல தோட்டங்களில் ஒரு பேருக்கு, அதாவது முழு நாட்சம்பளத்துக்கு, பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு உயர்ந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு ஒரு கிலோ குறைவாகக் காட்டினால் அரைப்பேர். காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டிலிருந்து மாலை நிறுவை வரை மலையில் நின்ற பெண்ணுக்குப் பாதி நாள்தான் வேலை செய்தாள் என்று பதிவு விழுகிறது. கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் மார்ச்சுச் செய்தியில் பேசியவர்கள் தொழிற்சங்கத் தலைவர்களும் அமைச்சர்களும். அது அரசியல் செய்தி. ஜூலையில் வந்தது பெண்கள், சிறுவர் பிரச்சினை. தாயின் அரைப்பேரும் மகளின் கொழும்புப் பயணமும் ஒரே வீட்டுக் கணக்கு என்பதை இந்தப் பாகுபாடு மறைத்துவிட்டது.

ஒரு நிகழ்வைக் கொண்டு எல்லா நிகழ்ச்சிகளுக்கும் தீர்ப்புக் கூறிவிட முடியாது என்பதை ஏற்கிறேன். இருந்தும் பிற சான்றுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. காலை நேரப் பெண்கள் நிகழ்ச்சி ஒளிபரப்பாகும்போது தோட்டப் பெண் மலையில் நிற்கிறாள். மாலையில் தொலைக்காட்சிப் பெட்டி வீட்டின் முன்பகுதியான இஸ்தோப்பில் ஓடுகிறது. அவள் பின்னால் புகையடுப்படியில் இருக்கிறாள், பாதிக்குமேல் காதால் கேட்பதுதான். மகளிர் தினத்தன்று திரையில் வரும் கொழுந்துக்காரி முதுகில் பிரம்புக் கூடையோடு சிரிக்கிறாள். இன்று பல தோட்டங்களில் கூடைக்குப் பதில் சாக்குதான். அந்தப் படம் யாருக்காக எடுக்கப்பட்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கைபேசி வந்தபின் தொலைக்காட்சியைப் பேசிப் பயனில்லை என்பார்கள். கைபேசியில் ஓடுவதும் பெரும்பாலும் அதே காட்சித் துண்டுகள்தான். தொலைக்காட்சிக்கு மலையகத்தில் வலு இல்லை என்பதும் நிற்காது: சக்தி தொலைக்காட்சியின் ‘மின்னல்’ விவாத நிகழ்ச்சியை நடத்திய ஸ்ரீரங்கா, 2010இல் நுவரெலியா மாவட்டத்திலிருந்தே நாடாளுமன்றம் சென்றார்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் என்பது தோட்டங்களில் 1984இலேயே வந்துவிட்டது. அச்சம்பளம் எத்தனை நாள் முழுப்பேராகக் கைக்கு வருகிறது என்று சம்பளத் துண்டை வைத்துக் கேட்காத எந்த நிகழ்ச்சியையும் மலையகப் பெண்களுக்கான விழிப்புணர்வு என்று நம் ஆய்வுகள் கணக்கில் சேர்க்கக் கூடாது.