மர்சாலா: ஆங்கிலேயர் வாய்க்கு வடித்த மது

சென்ற வாரம் ஜெனோவாவில் நின்றோம். இந்த வாரம் தெற்கே சிசிலித் தீவின் மேற்கு முனைக்கு.

1773-ல் ஜான் வுட்ஹவுஸ் என்ற லிவர்பூல் வணிகர் மர்சாலாவில் கரையேறினார். சோடா சாம்பல் வாங்க வந்தவரைப் புயல் இங்கே ஒதுக்கிவிட்டது என்பது அந்த ஊர்க் கதை. புயல் அடித்ததோ இல்லையோ, அங்கே குடித்த மதுவை அவர் விடவில்லை.

மர்சாலாக்காரர்கள் தங்கள் பழைய பீப்பாயை முழுக்கக் காலி செய்வதே இல்லை. குடித்துக் குறைந்த அளவுக்குப் புது மதுவை ஊற்றி வைப்பார்கள். தாத்தா காலத்து மது அடியில் கிடக்க, இந்த ஆண்டு மது மேலே சேரும். இங்கிலாந்தில் காசுள்ளவர்கள் தேடிக் குடித்த மதேரா மதுவின் சாயல் அந்த ருசியில் இருந்தது; விலையோ மலிவு. ஆனால் கப்பல் பயணத்தில் மது புளித்துப்போகும். வுட்ஹவுஸ் அதில் திராட்சைச் சாராயத்தைக் கலந்து காரமேற்றி அனுப்பினார். சரக்கு கெடாமல் போய்ச் சேர்ந்தது.

பெரிய ஆர்டர் வந்தது 1800-ல். மால்டாவில் பிரெஞ்சுப் படையை முற்றுகையிட்டிருந்த பிரிட்டிஷ் கப்பல்களுக்காக அட்மிரல் நெல்சன் 500 ‘பைப்’ மது கேட்டார். ஒரு பைப் என்பது 400 லிட்டருக்கு மேல் பிடிக்கும் பெரிய பீப்பாய். ஆக, 2 லட்சம் லிட்டருக்கும் அதிகம்! மாலுமிகள் குடித்தார்கள், அட்மிரல் பெயரைச் சொல்லி லண்டனிலும் விற்றார்கள். விளம்பரத்துக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டியிருக்கவில்லை.

அடுத்து யார்க்‌ஷயரிலிருந்து வந்த பெஞ்சமின் இங்ஹாம் 1812-ல் போட்டிக் கடை விரித்தார். அவர் சரக்கு அமெரிக்கா வரை போனது. இத்தாலிய மது உலகச் சந்தையில் பேர் வாங்கியது. லாபமோ ஆங்கிலேயர் பெட்டிக்குள் போனது. இதை உடைத்தவர் வின்சென்சோ ஃபுளோரியோ. பலெர்மோவில் நம் நாட்டு மருந்துக் கடை போல வாசனைச் சரக்கும் மருந்துச் சரக்கும் விற்ற குடும்பம் அவருடையது. 1833-ல் அந்த இரு ஆங்கிலேயர்களின் கிடங்குகளுக்கும் நடுவிலேயே இடம் பிடித்துத் தன் கிடங்கைக் கட்டினார். துணிச்சலைப் பாருங்கள்! சரக்கை ஏற்றப் பிறகு சொந்தக் கப்பல்களும் வாங்கினார்.

இத்தாலியை ஒன்றுபடுத்தக் கிளம்பிய கரிபால்டி 1860 மே 11 அன்று ஆயிரம் பேருடன் இறங்கியதும் இதே துறைமுகத்தில்தான். மது வணிகர்களின் சொத்துக்குக் காவலாக ஆர்கஸ், இன்ட்ரெபிட் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அங்கே நின்றிருந்தன. அவற்றின் மேல் குண்டு பட்டால் வம்பு என்று, அப்போது சிசிலியை ஆண்ட நேப்பிள்ஸ் அரசின் கடற்படை தயங்கியது. அந்தத் தயக்கத்துக்குள் கரிபால்டியின் ஆட்கள் கரையேறிவிட்டார்கள். இத்தாலி ஒன்றுபட்ட கதையில் மது வியாபாரத்துக்கு இப்படியும் ஒரு பங்கு. கரிபால்டியை ஏற்றி வந்தவை ஜெனோவாவின் ரூபாட்டினோ கம்பெனிக் கப்பல்கள். அதே கம்பெனியோடு 1881-ல் ஃபுளோரியோ குடும்பத்துக் கப்பல்கள் இணைந்து இத்தாலியின் மிகப்பெரிய கப்பல் நிறுவனமாயின.

அந்நியர் நாக்குக்காக வடித்த மது, அந்த நாக்கு மாறியதும் தடுமாறியது. 1920-களில் வுட்ஹவுஸ், இங்ஹாம், ஃபுளோரியோ மூன்றும் சின்சானோ நிறுவனத்தின் கைக்குப் போயின. பிறகு முட்டை கலந்தும் வாசனை சேர்த்தும் விற்றதில் மர்சாலா சமையலறை அலமாரிக்கு இறங்கியது. அந்தக் கலப்படச் சரக்குக்கு மர்சாலா என்ற பெயரை மறுக்கும் சட்டம் 1984-ல்தான் வந்தது.

(தொடரும்)