வரைபட மென்பொருள்களில் எழுத்துருச் சிக்கல்: ஒரு வரலாறு

எண்களைக் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் பட்டைகளாகவும் வரைந்து காட்டும் கணினி நிரல்கள் வரைபட மென்பொருள்கள் எனப்படும். குனூபிளாட், புள்ளியியல் மொழியான ஆர், பைத்தான் மொழியில் இயங்கும் மேட்பிளாட்லிப் ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்ற திறமூல மென்பொருள்கள். யாரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தலாம்.

இவற்றைப் பயன்படுத்துவோர் ஒரு நாளாவது சந்திக்கும் தொல்லை ஒன்று உண்டு. வரைபடம் திரையில் ஒழுங்காக இருக்கும். அதைக் கோப்பாகச் சேமித்து வேறொரு கணினியில் திறந்தால் அச்சுகளின் பெயர்கள் வேறு எழுத்துருவில் தெரியும். அல்லது கட்டங்களாகவும் புள்ளிகளாகவும் மாறியிருக்கும். தமிழில் பெயரிட முயல்பவருக்கு இது முதல் முயற்சியிலேயே நேர்ந்துவிடுகிறது. ஒய் அச்சில் "மழை" என்று இரண்டெழுத்து எழுதப் போய், முடியாமல் ஆங்கிலத்தில் எழுதி முடிப்பவர்கள் உண்டு. தமிழ்வழியில் படித்த மாணவனின் வரைபடம் கணினிக்குப் போனதும் ஆங்கிலமாகிவிடுவதற்கு மொழிப்பற்றுக் குறைவு மட்டுமே காரணமன்று. எழுத்தை வரைவது யார் வேலை என்ற கேள்விக்கு இந்த மென்பொருள்களும் கோப்பு வடிவங்களும் காலத்துக்குக் காலம் வேறு வேறு விடை சொல்லி வந்திருக்கின்றன. அந்த விடைகள் ஒன்றோடொன்று ஒட்டாத இடங்களில்தான் எழுத்து உடைகிறது.

பேனா வரைந்த எழுத்து

கணினி வரைபடம் காகிதத்தில்தான் தொடங்கியது. 1959-இல் கால்காம்ப் நிறுவனம் வெளியிட்ட 565 என்னும் வரைவி, உருளையில் சுற்றிய தாளின் மேல் ஒரு பேனாவை நகர்த்தி வரைந்தது. பேனாவைத் தூக்கு, இறக்கு, இந்தப் பக்கம் நகர்த்து என்பவை மட்டுமே அதற்குத் தெரிந்த கட்டளைகள். எழுத்து என்ற ஒன்று அதற்குத் தெரியாது. எழுத்து வேண்டுமானால் அதையும் கோடுகளாகவே வரைய வேண்டும்.

அமெரிக்கக் கடற்படையின் வர்ஜீனியா மாநில டால்கிரன் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆலன் ஹெர்ஷி இந்த வேலையை ஏற்றுக்கொண்டார். ஒவ்வோர் எழுத்தையும் சிறு நேர்கோடுகளாகப் பிரித்து, கோட்டு முனைகளின் ஆயத்தொலைவுகளை அட்டவணையாக 1967-இல் வெளியிட்டார். ரோமன், கிரேக்கம், சிரிலிக் எழுத்துகளோடு ஜப்பானிய எழுத்துகளும் அதில் இடம்பெற்றன. தமிழ் இல்லை. பிஎல்பிளாட் என்னும் திறமூல வரைபட நூலகத்தில் ஹெர்ஷியின் எழுத்துகளை இன்றும் காணலாம்.

அந்த எழுத்துகள் மெலிந்தவை, அழகு குறைந்தவை. ஆனால் ஒரு நன்மை உண்டு. எழுத்து வெறும் கோடுகளாகவே கோப்பில் இருப்பதால் எந்தக் கணினியில் திறந்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும். எழுத்துரு காணவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. பின்னர் வந்த முறைகள் அழகைக் கொடுத்து இந்த உறுதியை எடுத்துக்கொண்டன.

பெயரை மட்டும் சுமந்த கோப்பு

ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி இருவரும் 1982-இல் தொடங்கிய அடோபி நிறுவனம் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க விவரிப்பு மொழியை உருவாக்கியது. 1985-இல் ஆப்பிள் நிறுவனத்தின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறி இம்மொழியோடு வந்தது. டைம்ஸ், ஹெல்வெடிகா, கூரியர் முதலிய 13 எழுத்துருக்கள் அச்சுப்பொறிக்குள்ளேயே இருந்தன. அடுத்த ஆண்டு வந்த லேசர்ரைட்டர் பிளஸ் அந்த எண்ணிக்கையை 35 ஆக்கியது.

எழுத்துரு அச்சுப்பொறியிலேயே இருப்பதால், கோப்பு அதைச் சுமக்கத் தேவையில்லை. "ஹெல்வெடிகா, 14 அளவு, இந்த இடத்தில் இந்தச் சொல்" என்று எழுதிவைத்தால் போதும். நினைவகம் அரிதாக இருந்த காலத்தில் இது நல்ல சிக்கனம். தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி ஆகியோர் 1986-இல் உருவாக்கிய குனூபிளாட் இந்தச் சூழலில் வளர்ந்தது. (பெயரில் குனூ இருந்தாலும் குனூ திட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 'நியூபிளாட்' என்று வைக்க நினைத்த பெயரில் ஏற்கெனவே வேறொரு நிரல் இருந்ததால், ஒலி ஒப்புமைக்காக இப்படி ஆயிற்று.) அதன் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்புகளும் வழக்கமாக எழுத்துருவின் பெயரை மட்டுமே கொண்டிருந்தன. அந்தப் பெயர் உள்ள எழுத்துரு மறுமுனையில் இல்லாவிட்டால் கூரியர் வந்து உட்கார்ந்துகொள்ளும். சொற்களின் நீளம் மாறி, பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இன்றும் யாருடைய வரைபடத்திலாவது தட்டச்சுப்பொறி எழுத்து தெரிந்தால் இதுதான் காரணம் என்று முதலில் ஐயப்படலாம்.

பீட்டர் டாய்ச் 1988-இல் வெளியிட்ட கோஸ்ட்ஸ்கிரிப்ட், அச்சுப்பொறி இல்லாமலே போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்புகளைப் படிக்க வழி செய்தது. ஆனால் ஹெல்வெடிகா விலைக்குரிய சொத்து; அதை இலவச மென்பொருளோடு சேர்த்துக் கொடுக்க இயலாது. ஜெர்மனியின் யூஆர்டபிள்யூ நிறுவனம் அந்த 35 எழுத்துருக்களுக்கும் அளவில் ஒத்த மாற்றுகளை 1996-இல் கட்டற்ற உரிமத்தில் தந்த பிறகே அந்தக் குறை தீர்ந்தது. லினக்ஸ் கணினியில் ஹெல்வெடிகா என்று எழுதினால் நிம்பஸ் சான்ஸ் தெரிவது இதனால்தான்.

1993-இல் பிடிஎஃப் வந்தது. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே வைத்துக் கட்ட அதில் இடமிருந்தது. ஆயினும் பழைய வழக்கம் முழுதும் போகவில்லை. 14 அடிப்படை எழுத்துருக்களை மட்டும் பெயரால் குறித்தால் போதும் என்று விதி வைத்தார்கள். ஆர் மொழியின் வழக்கமான பிடிஎஃப் வெளியீடு ஹெல்வெடிகாவை இப்படிப் பெயரால்தான் குறிக்கிறது. எல்லா எழுத்துருக்களும் உள்ளே இருக்க வேண்டும் என்று கேட்கும் ஆய்விதழ்கள் இத்தகைய கோப்பைத் திருப்பி அனுப்புகின்றன. கணக்கும் சரி, வரைபடமும் சரி. எழுத்துரு இல்லை என்பதற்காகக் கட்டுரை நிற்கிறது. கோஸ்ட்ஸ்கிரிப்டைக் கொண்டு எழுத்துருவைப் பின்னர் உட்பொதிக்க ஆரிலேயே ஒரு செயற்கூறு உண்டு. அதைவிட எளிது, கெய்ரோ வழி பிடிஎஃப் என்னும் மற்றொரு வெளியீட்டைத் தொடக்கத்திலேயே தேர்ந்துகொள்வது.

வகை 3, வகை 42

உட்பொதித்தாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. அடோபியின் தரமான எழுத்துரு வடிவம் வகை 1 எனப்பட்டது. அதன் உள்விவரங்களை அடோபி 1990 வரை வெளியிடவில்லை. வெளியாருக்குத் திறந்திருந்தது வகை 3. ஒவ்வோர் எழுத்தும் அதில் ஒரு சிறு வரைதல் நிரல். ஆப்பிள் 1991-இல் ட்ரூடைப் எழுத்துருக்களைக் கொண்டுவந்தபின், அவற்றைப் போஸ்ட்ஸ்கிரிப்டுக்குள் அப்படியே பொதிந்து வைக்க ஏற்பட்ட உறைக்கு வகை 42 என்று எண்ணிட்டார்கள்.

பழைய இந்தப் பிரிவினை 2003-இல் வெளிவந்த மேட்பிளாட்லிப்பிலும் வந்து நின்றது. அதை உருவாக்கிய ஜான் ஹண்டர் நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பார்ப்பதற்காகத் தொடங்கிய வேலை அது. 2012-இல் தம் 44-ஆம் வயதில் அவர் மறைந்தார். அவருடைய மென்பொருள் பிடிஎஃப் எழுதும்போது வழக்கமாக வகை 3-ஐயே பயன்படுத்துகிறது. தேவையான எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொள்வதால் கோப்பு சிறியதாக இருக்கும். ஆனால் வகை 3 உள்ள கோப்புகளை ஏற்காத பதிப்பாளர்களும் மாநாடுகளும் உண்டு. படத்தொகுப்பு மென்பொருள்களில் அந்த எழுத்தைத் திருத்துவதும் கடினம். அமைப்புகளில் எழுத்துரு வகை என்ற இடத்தில் 3 என்பதை 42 என மாற்றினால் தீர்ந்தது. ஓர் எண்ணை மாற்றும் வேலைக்காக எத்தனையோ பேர் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள்!

இடையில் ஒரு காப்புரிமைக் கதை

கோப்பு வெளிவராமைக்குச் சட்டமும் ஒரு காலத்தில் காரணமாயிற்று. கிஃப் படங்களைச் சுருக்கும் முறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது; 1994 இறுதியில் கட்டணம் கேட்கத் தொடங்கியது. குனூபிளாட் படக்கோப்பு எழுத நம்பியிருந்த ஜிடி நூலகம் 1999-இல் கிஃப்பை நீக்கிவிட்டு பிஎன்ஜிக்கு மாறியது. மென்பொருளைப் புதுப்பித்தவர்களின் பழைய கட்டளைகள் திடீரென்று வேலை செய்யவில்லை. அமெரிக்கக் காப்புரிமை 2003-இல் காலாவதியாக, மறு ஆண்டு கிஃப் திரும்பி வந்தது.

"மழை" எப்படி உடைகிறது

தமிழுக்கு வருவோம். 1990-களில் தமிழ்க் கணினி எழுத்துருக்கள் 8 பிட் குறியாக்கத்தில் இருந்தன. டிஸ்கி போன்ற முறைகளில் கண்ணுக்குத் தெரியும் வரிசைதான் சேமிக்கும் வரிசை. "மழை" என்ற சொல்லில் மகரம், அடுத்து ஐகாரக் குறி, அதன்பின் ழகரம் என்று கோப்பில் இருக்கும். எழுத்துகளை இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்றாக வைக்கத் தெரிந்த எந்த மென்பொருளுக்கும் அது போதும்.

ஒருங்குறியின் முதல் பதிப்பு 1991-இல் வந்தது. இந்திய அரசின் 1988-ஆம் ஆண்டு இஸ்கி தரத்தைப் பின்பற்றி, தமிழை ஒலிக்கும் வரிசையில் சேமிக்க அதில் முடிவு செய்தார்கள். மகரம், ழகரம், பிறகு ஐகாரக் குறி. தேடலுக்கும் மொழி ஆய்வுக்கும் இதுவே சிறந்தது என்பது என் கருத்தும். ஆனால் குறியை எடுத்து ழகரத்துக்கு முன்னே வைக்கும் வேலை இப்போது மென்பொருளின் தலையில் விழுந்தது. இவ்வேலைக்கு எழுத்து வடிவமைப்பு என்று பெயர். ரோமன் எழுத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட வரைபட மென்பொருள்களில் அதற்கு ஏற்பாடு இல்லை.

ஆகவே ஒரே சொல் மூன்று விதமாக உடையும். உடைந்த விதத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம்.

ஆரின் வழக்கமான பிடிஎஃப் வெளியீட்டில் "மழை" நெடுங்காலம் ஒன்பது புள்ளிகளாக வந்தது. அந்த வெளியீடு ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று கணக்கிடுவது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். மூன்று குறியீடுகளுக்கு ஒன்பது. ஒவ்வொரு பைட்டும் புரியாமல் ஒவ்வொரு புள்ளியாயிற்று. புள்ளிகள் கண்டால் குறியாக்கக் கோளாறு என்று கொள்க. மேலே சொன்ன கெய்ரோ வழியே இதற்கும் மருந்து.

மேட்பிளாட்லிப்பில் மூன்று கட்டங்கள் வரும். 2017-இல் வெளியான 2.0 பதிப்பு முதல் அதன் இயல்பு எழுத்துரு டெஜாவு சான்ஸ். அதில் தமிழ் இல்லை. 2990, 2996, 3016 ஆகிய எண்களுள்ள எழுத்துகள் எழுத்துருவில் இல்லை என்று எச்சரிக்கையும் வரும். அவை மகரம், ழகரம், ஐகாரக் குறி ஆகியவற்றின் ஒருங்குறி எண்களே. கட்டம் என்றால் எழுத்துரு இல்லை என்று பொருள்.

சரி என்று நோட்டோ சான்ஸ் தமிழையோ லோகித் தமிழையோ நிறுவுகிறோம். அப்போதும் கட்டங்களே வந்தால் திகைக்க வேண்டாம். மேட்பிளாட்லிப் முதன்முறை கண்ட எழுத்துருக்களின் பட்டியலை ஒரு கோப்பில் எழுதிவைத்துக்கொண்டு, அதையே மறுபடியும் படிக்கிறது. அந்தப் பட்டியல் கோப்பை நீக்கிவிட்டுத் திரும்பத் தொடங்கினால் புதிய எழுத்துரு கண்ணில் படும். தமிழ் எழுத்துருவில் ஆங்கில எண்கள் இல்லாவிட்டால் அச்சின் எண்கள் கட்டமாகும். 2022-இல் வந்த 3.6 பதிப்பு முதல் இரண்டு எழுத்துருக்களை வரிசையாகக் கொடுத்து இதைத் தவிர்க்கலாம். குறை எண்களுக்கு முன் மட்டும் கட்டம் வந்தால், கழித்தல் குறிக்கென மேட்பிளாட்லிப் எடுத்துக்கொள்ளும் 8722 எண்ணுள்ள குறி அந்த எழுத்துருவில் இல்லை. சாதாரண இடைக்கோட்டைப் பயன்படுத்து என்று அமைப்பில் சொல்லிவிடலாம்.

இத்தனையும் கடந்தபின் மூன்றாவது உடைவு. மகரம், ழகரம், அவற்றின் பின்னால் தனித்து நிற்கும் ஐகாரக் குறி! எழுத்துரு இருக்கிறது, வடிவமைப்பு இல்லை. மேட்பிளாட்லிப் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கியே வந்தது. தமிழை இயல்பாக ஆதரிக்கவில்லை என்று அதன் எச்சரிக்கையே வெளிப்படையாகச் சொல்கிறது. இதைக் கண்டு எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண் வேலை.

வடிவமைப்பை அறிந்தவர்கள்

வடிவமைப்புக்கென்றே தனி நூலகங்கள் 2000-ஐ ஒட்டி உருவாயின. பேங்கோ அவற்றில் ஒன்று. 'எல்லாம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் 'மொழி' எனப் பொருள்படும் ஜப்பானியச் சொல்லையும் இணைத்த பெயர் அது. கோடு வரையும் கெய்ரோ நூலகமும், எழுத்துகளை இடம் மாற்றி இணைக்கும் ஹார்ஃப்பஸ் நூலகமும் அதனோடு சேர்ந்தன.

குனூபிளாட் இவற்றைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. 2010-இல் வந்த 4.4 பதிப்பில் பிஎன்ஜி கெய்ரோ, பிடிஎஃப் கெய்ரோ என்னும் வெளியீட்டு முறைகள் உண்டு. குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று அறிவித்து, தமிழ் எழுத்துரு ஒன்றின் பெயரைக் கொடுத்தால் "மழை" மழையாகவே வரும். பழைய ஜிடி வழி பிஎன்ஜியில் இது நடக்காது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் பழையதையே அழைத்துவிட்டு, தமிழ் வராது என்று முடிவு கட்டுகிறார்கள். கோப்பு பாதியில் நின்றாலோ வெறுமையாக இருந்தாலோ எழுத்துருவைக் குறை சொல்ல வேண்டாம்: குனூபிளாட்டில் வெளியீட்டை மூடும் கட்டளை தரும்வரை கோப்பு முழுமை பெறாது. மேட்பிளாட்லிப்பில் திரையில் காட்டும் கட்டளைக்குப் பின் சேமித்தால் வெள்ளைத் தாளே கிடைக்கும். முதலில் சேமித்துவிட்டுப் பிறகு காட்ட வேண்டும்.

மேட்பிளாட்லிப்பை விட முடியாதவர்களுக்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, 2004-இல் வெளியான ஸீடெக்கின் வழியாகப் பிடிஎஃப் எடுப்பது. எழுத்தை வரையும் வேலையை அது எடுத்துக்கொள்ளும். மற்றொன்று எஸ்விஜி வடிவம். வழக்கமாக மேட்பிளாட்லிப் எஸ்விஜியில் எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி எழுதுகிறது. எழுத்தை எழுத்தாகவே விடு என்று அமைப்பை மாற்றினால், உலாவி அதைத் தானே வடிவமைத்துச் சரியாகக் காட்டும். ஆனால் கோப்பில் அப்போது எழுத்துருவின் பெயர் மட்டுமே இருக்கும். பெறுபவரின் கணினியிலும் தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும், 1985-இல் லேசர்ரைட்டரில் ஹெல்வெடிகா இருக்க வேண்டியிருந்ததைப் போல.