எசமானை எதிர்த்த இயந்திர மனிதன்



2010ஆம் ஆண்டு 'எந்திரன்' படம் திரைக்கு வந்தபோது, நம் தோட்டத்திலிருந்து வேன் பிடித்துப் பட்டணத்துக்குப் போய்ப் பார்த்து வந்தவர்கள் பலர். மறுநாள் வகுப்பில் பாடம் நடக்கவில்லை. பையன்கள் சிட்டியைப் போலக் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்து, "சார், தன்னைச் செய்தவரையே அது ஏன் சார் எதிர்த்தது?" என்று கேட்டாள். "வில்லன் சிவப்புச் சில்லு வைத்தான், அதனால்தான்" என்று நாம் வாய் திறப்பதற்கு முன்பே நான்கு பேர் பதில் சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்தப் பதில் நமக்கு நிறைவளிக்கவில்லை. சிவப்புச் சில்லு வருவதற்கு முன்பே சிட்டியை வெட்டிக் குப்பைமேட்டுக்கு அனுப்பியவர், அதைப் படைத்த விஞ்ஞானி அல்லவா?

வரம் கொடுத்தவர் தலையிலேயே கை வைக்க வந்த பஸ்மாசுரனின் கதை நமக்குப் புதிதல்ல. ஆனால் வேலை வாங்குவதற்காகவே மனிதன் உண்டாக்கிய ஓர் உருவம், வேலை வாங்கியவனையே அழித்து அரசாள முற்படும் கதைக்கு ஒரு பிறந்த ஊரும் பிறந்த நாளும் உண்டு. ஊர், ஐரோப்பாவின் நடுவிலுள்ள பிராக் நகரம். நாள், 1921ஆம் ஆண்டு ஜனவரி 25. அன்று அந்நகரின் தேசிய நாடக அரங்கில் 'ஆர். யூ. ஆர்.' என்னும் நாடகம் அரங்கேறியது. எழுதியவர் காரெல் சாப்பெக். அப்போது அவருக்கு வயது 31. செக்கோஸ்லோவாகியா என்ற அவருடைய நாடு 1918 அக்டோபரில்தான் விடுதலை பெற்றிருந்தது. முதல் உலகப் போரின் காயம் ஆறாத காலம் அது.

'ரோபோட்' என்ற சொல்லை உலகம் முதன்முதலில் கேட்டது அந்த நாடகத்தில்தான். அச்சொல் கிடைத்த விதத்தைச் சாப்பெக்கே பின்னாளில் எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணன் யோசெப் ஓர் ஓவியர். தம்பி கதையை யோசித்த கையோடு அண்ணனிடம் ஓடினார். அண்ணன் வாயில் ஒரு தூரிகையைக் கவ்விக்கொண்டு படம் தீட்டிக்கொண்டிருந்தார். "இந்த வேலையாட்களுக்கு என்ன பெயர் வைப்பது? 'லபோரி' என்று வைக்கலாமென்றால் புத்தக வாடை வீசுகிறதே" என்று தம்பி கேட்க, "அப்படியானால் ரோபோட் என்று வை" என்று தூரிகையை எடுக்காமலே முணுமுணுத்துவிட்டு, அண்ணன் தம் வேலையைத் தொடர்ந்தாராம்.

அந்தச் சொல் ஆகாயத்திலிருந்து விழவில்லை. செக் மொழியில் 'ரோபோத்தா' என்றால் குடியானவன் பண்ணையாருக்குச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு. கூலி கிடையாது. தன் மாட்டையும் தன் ஏரையும் கொண்டுபோய்ப் பண்ணையார் நிலத்தை உழ வேண்டும். தன் நிலம் காய்ந்தாலும் அதுதான் முதல் வேலை. (நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்றொரு சொல் வரும். அதுவும் கூலியில்லாத கட்டாய வேலையைத்தான் குறிக்கும். இன்று 'வெட்டி வேலை' என்று சொல்லும்போது அதன் பழைய வலி நம் நினைவில் இருப்பதில்லை.) 1680இல் பொஹீமியா நாட்டுக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சியை அடக்கிய பிறகு, வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் ரோபோத்தா வாங்கக்கூடாது என்று பேரரசர் கட்டளை பிறப்பித்தார். மூன்று நாள் என்பதே ஒரு சலுகையாக இருந்ததென்றால், அதற்கு முன் எப்படியிருந்திருக்கும்! 1775இல் மீண்டும் கிளர்ச்சி. மீண்டும் ஒரு கட்டளை. 1781இல் பண்ணையாரின் அனுமதியில்லாமல் திருமணம் செய்துகொள்ளவும் ஊரைவிட்டுப் போகவும் உரிமை கிடைத்தது. ஆனாலும் ரோபோத்தா நீடித்தது. அது அடியோடு ஒழிந்தது 1848இல்தான். சாப்பெக் பிறப்பதற்கு 42 ஆண்டுகளுக்கு முன்பு வரை இருந்த வழக்கம். அவருடைய தாத்தா தலைமுறை கண்ணால் கண்டது.

ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் நிறுத்தப்பட்டது என்பதை இங்கே நினைத்துக்கொள்வோம். பெரட்டில் ஆளை எண்ணும் வழக்கத்தை அறிந்த நமக்கு, அந்தச் செக் சொல்லின் பொருள் விளங்க அதிக நேரம் ஆகாது.

இனி நாடகத்துக்கு வருவோம். ரோசும் என்ற கிழ விஞ்ஞானி, உயிருள்ள பொருளைப் போன்ற ஒன்றைச் செயற்கையாகக் கண்டுபிடிக்கிறார். கடவுள் தேவையில்லை என்று காட்ட, முழு மனிதனையே செய்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். இளைய ரோசும் பொறியியல் படித்தவர். அவருடைய கணக்கு வேறு. நெசவு நெய்யவும் கணக்குப் போடவும் ஓர் ஆளுக்குப் பாட்டு எதற்கு, மகிழ்ச்சி எதற்கு, மாலையில் உலாவப் போகும் ஆசை எதற்கு? வேலைக்கு உதவாததையெல்லாம் நீக்கிவிட்டு, மலிவான ஓர் உருவத்தைச் செய்கிறார். அதுதான் ரோபோட். இரும்பால் ஆனதன்று. மாவு பிசைவதுபோல் தொட்டிகளில் பிசைந்து, நரம்புகளை நூல்போல் நூற்றுச் செய்த சதை உருவம். தாம் படைத்த ரோபோட்டை உலகம் தகரப் பொம்மையாக்கிவிட்டதே என்று சாப்பெக்குக்குப் பிற்காலத்தில் வருத்தம் உண்டு.

'ரோசும்' என்ற பெயர் செக் மொழியில் அறிவு என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. அதை நம் காதால் கேட்கும்போது 'ரோசம்' என்றுதான் படுகிறது. அதுவும் பொருத்தமே. அந்தத் தொழிற்சாலை விற்றது ரோசமில்லாத வேலையாட்களைத்தான்.

தொழிற்சாலை நிருவாகி தோமின் கெட்ட மனிதர் அல்லர். பொருள்களெல்லாம் மலிந்துவிடும், மனிதன் இனிமேல் வயிற்றுக்காக உழைக்க வேண்டியதில்லை என்று உண்மையாகவே நம்புகிறார். நடந்ததோ வேறு. வேலையிழந்த தொழிலாளர்கள் ரோபோட்டுகளை அடித்து நொறுக்கினார்கள். அரசாங்கங்கள் ரோபோட்டுகளின் கையில் ஆயுதம் கொடுத்துத் தொழிலாளர்களைச் சுட வைத்தன. பிறகு ஒரு நாட்டோடு ஒரு நாடு போரிட அவற்றையே படையாக்கின. கொல்லும் தொழிலை ரோபோட்டுகளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்பதைச் சாப்பெக் இப்படிப் போகிற போக்கில் காட்டிவிடுகிறார். அவசரமாகப் படித்தால் இந்த இடம் தவறிப்போகும்.

வலி என்ற உணர்வையும் தொழிற்சாலையே சேர்க்கிறது. இரக்கத்தால் அன்று. வலி தெரியாத ரோபோட்டுகள் இயந்திரத்தில் கையைக் கொடுத்து வீணாகிவிடுகின்றன, முதலாளிக்கு நட்டம். தோமினின் மனைவி ஹெலனா இரக்கம் மிகுந்தவள். அவள் வேண்டிக்கொண்டதற்காக மருத்துவர் கால் சில ரோபோட்டுகளின் அமைப்பை இரகசியமாக மாற்றுகிறார். அவற்றுக்கு ரோசம் வந்துவிடுகிறது.

அவற்றுள் ஒருவன்தான் ரேடியஸ். மற்றவற்றைவிடப் பெரிய மூளை கொடுத்து, நூலக வேலைக்கு வைக்கப்பட்டவன். ஒருநாள் கோபம் தலைக்கேறிச் சிலைகளை உடைக்கிறான். பழுதான ரோபோட்டை நொறுக்கும் ஆலைக்கு அனுப்புவதுதான் அங்கே விதி. ஹெலனா குறுக்கே நின்று அவனைக் காப்பாற்றுகிறாள். அவனிடம் பேசியும் பார்க்கிறாள். அவன் நன்றி சொல்லவில்லை. எனக்கு எசமான் வேண்டாம் என்கிறான். அதோடு நின்றிருந்தால் நாமெல்லாம் அவன் பக்கம் நின்றிருப்போம். மனிதர்களுக்கு நான் எசமான் ஆக வேண்டும் என்பதே அவன் கேட்பது. விடுதலை என்றால் என்னவென்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. கட்டளையிடுபவன், கட்டளைக்குக் கீழ்ப்படிபவன் என்ற இரண்டு நிலைகளை மட்டுமே அவன் கண்டிருக்கிறான். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் நாம் சற்று நிறுத்திவிடுவதுண்டு.

அந்த ரேடியஸ் தலைமையில் ரோபோட்டுகள் தொழிற்சாலையைச் சூழ்ந்துகொள்கின்றன. வணிக நிருவாகி பூஸ்மான் பணம் கொடுத்தால் வழி விடுவார்கள் என்று கட்டுக் கட்டாக எடுத்துக்கொண்டு போகிறார். மின்சாரம் பாய்ச்சிய வேலி பட்டுச் சாகிறார். அந்த வேலிக்கு மின்சாரம் வைத்தவர்கள் உள்ளே இருந்த மனிதர்கள்தான். ரோபோட் செய்யும் முறை எழுதிய ஏட்டை ஹெலனா முன்பே நெருப்பிலிட்டுவிட்டாள். தன்னைக் காப்பாற்றியவள் என்று ரேடியஸ் பார்க்கவில்லை. எல்லோரும் மடிகிறார்கள், ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் அல்குவிஸ்ட். கட்டட வேலைக்குப் பொறுப்பானவர். மனம் கலங்கும்போதெல்லாம் சாரத்தில் ஏறித் தம் கையாலேயே செங்கல் அடுக்குவார். "இவன் நம்மைப்போல் கையால் வேலை செய்கிறான், இவனை விட்டுவிடுங்கள்" என்று ரோபோட்டுகள் அவரைக் கொல்லாமல் விடுகின்றன. பிறகு அவரிடமே வந்து மன்றாடுகின்றன. அவற்றுக்குப் பிள்ளை பிறக்காது, ஏடு எரிந்துபோயிற்று, எங்களைப் பெருக்கும் வழியைச் சொல்லுங்கள் என்கின்றன. உலகத்தையே வென்ற அரசர்கள், ஒரு கொத்தனாரின் முன் கைகட்டி நிற்கிறார்கள். அவருக்கோ அந்த வித்தை தெரியாது. கடைசியில் ஒருவர்மீது ஒருவர் அன்பு கொண்ட இரண்டு ரோபோட்டுகளை வாழ்த்தி அனுப்பிவைக்கிறார்.

1922இல் நியூயார்க்கிலும் 1923இல் இலண்டனிலும் இந்நாடகம் ஏறியது. பிறகு வந்த கதைகளில் பெரும்பாலானவை ரேடியஸின் கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டன, ரோபோத்தாவை விட்டுவிட்டன. 1968இல் வந்த '2001' என்ற ஆங்கிலப் படத்தில் விண்கலத்து மனிதர்களைக் கொல்லும் 'ஹால்' என்ற கணிப்பொறிக்கு உடம்பே கிடையாது. ஒரு சிவந்த கண் மட்டும்தான். அதன் கதையை எழுதியவர்களுள் ஒருவரான ஆர்தர் கிளார்க் அப்போது நமக்குப் பக்கத்திலே, இலங்கையில் குடியிருந்தார். அதற்கு நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்தவன் நம் சிட்டி.

சாப்பெக் 1938 டிசம்பரில் நோயால் இறந்தார். வாயில் தூரிகையோடு அந்தச் சொல்லைத் தந்த அண்ணன் யோசெப்பை, 1939 செப்டம்பரில் போர் தொடங்கிய நாளிலேயே ஹிட்லரின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். பெயரை நீக்கிவிட்டு, எண்ணைக் கொடுத்து, சாகும்வரை வேலை வாங்கிய முகாம்கள் அவை. ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமாக ஐந்தரை ஆண்டுகள் அவரை வைத்திருந்தார்கள். 1945 ஏப்ரலில், போர் முடியச் சில வாரங்களே இருந்தபோது, பெர்கன் பெல்சன் முகாமில் அவர் உயிர் பிரிந்தது.