மூடிய பரணுக்கு கதவு வைக்கப் போறீங்களா? முதல்ல இதைக் கவனிங்க!

வீட்டில் லிண்டல் மட்டத்தில் இருக்கும் பரணை, அதாவது லாஃப்டை, தூசி அடையாமல் இருக்க பலர் பலகை அடித்து மூடிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் உள்ளே என்ன இருக்குன்னு வீட்டுக்காரருக்கே மறந்துவிடும். பட்டாசுத் தொழில் நடக்கும் ஊர்களில் இந்த மறதி உயிருக்கே ஆபத்தாகலாம்.

தாயில்பட்டியில் என்ன நடந்தது?

விருதுநகர் மாவட்டம் தாயில்பட்டியில் 2021 ஜூன் மாதம் ஒரு வீட்டில் அனுமதியின்றி இருந்த பட்டாசு வெடித்ததில் குழந்தை உட்பட 3 பேர் உயிரிழந்தனர். வெடிபொருள் சட்டம் 1884, வெடிபொருள் விதிகள் 2008 ஆகியவற்றின்படி, உரிமம் இல்லாமல் வீட்டில் பட்டாசு தயாரிப்பது குற்றம்.

மூடிய பரண் ஏன் ஆபத்து?

மொட்டை மாடிக்கு நேர் கீழே இருப்பதால் வெயில் காலத்தில் பரண் கொதிக்கும். காற்றோட்டமும் இருக்காது. பட்டாசுக்குப் பயன்படும் அலுமினியப் பொடியில் ஈரம் பட்டால் அதுவே சூடாகும். அடைத்த இடத்தில் தீப்பிடித்தால் அழுத்தம் கூடி வெடிப்பு பலமாகும். அதனால் பரண் திறந்து பார்க்கும்படி இருப்பதே நல்லது.

கதவை எங்கே, எப்படி வைப்பது?

* பரணின் திறந்த முன்பக்கத்தில் மட்டும் கதவு வையுங்கள். கான்கிரீட் பலகையை உடைக்க வேண்டாம். சுவரிலிருந்து நீட்டிய பலகைக்கு, பாரம் தாங்கும் கம்பி மேல்பக்கத்தில் ஓடும். அது வெட்டுப்பட்டால் பரணே சரியும்.
* ஓர் ஆள் தலையும் தோளும் நுழைந்து பொருளை எடுக்கும் அளவுக்கு வழி இருக்கட்டும்.
* வெளிப்பக்கம் திறக்கும் கதவு, ஏணியில் நிற்பவரை இடிக்கும். தள்ளுகதவு வசதி.
* காற்றுப் போக கதவில் இடைவெளி விடுங்கள். பரணுக்குள் ஒயர் ஜாயின்ட் இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மாற்றுங்கள்.

ஏணி எப்படி போடணும்?

4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் ஏணியின் காலைத் தள்ளி வைக்கணும். 7 அடி உயரப் பரணுக்கு சுமார் ஒன்றே முக்கால் அடி. ஏறும் முன் சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள். கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ளட்டும்.

பரணை அறையாக மாற்றலாமா?

கூடாது. தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016-ன்படி, பொருள் வைக்கும் பரணின் உயரம் அதிகபட்சம் 1.5 மீட்டர்தான். படுக்கவோ உட்கார்ந்து வேலை செய்யவோ அது இடமில்லை.

எதை வைக்கக் கூடாது?

பட்டாசு, திரி, மருந்து, மண்ணெண்ணெய், பெயின்ட், தின்னர். பண்டிகைப் பாத்திரம், பாய், பழைய பெட்டி மாதிரி பொருள் மட்டும் போதும். அதையும் சுவரை ஒட்டி, பாரம் குறைவாக அடுக்குங்கள்.

பழைய பரணில் மருந்தோ பட்டாசோ கிடைத்தால்?

தொடாதீங்க, கீழே இறக்காதீங்க. அடுப்பும் பீடியும் பக்கத்தில் வேண்டாம், சுவிட்சையும் தொட வேண்டாம். எல்லோரும் வெளியே வந்து, தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொல்லுங்கள்.