தாய்வழி வந்த விலங்கு



மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என 1776ஆம் ஆண்டில் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்திலே எழுதிய தோமஸ் ஜெபர்சன், தம் வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தார். அவர்களுட் பலர் அடிமைகளாகவே பிறந்தவர்கள்.

பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்ததென வேர்ஜினியாவிலே 1662இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இங்கிலாந்து வழக்கிலோ பிள்ளை தந்தையின் நிலையையே பெறும். வேர்ஜினியாவில் அதனை மாற்றியதன் பயன் எசமானுக்கே. அடிமைப் பெண்ணிடம் அவனுக்கே பிறந்த பிள்ளையும் அவன் சொத்தாயிற்று.

சாலி ஹெமிங்ஸ் என்னும் அடிமைப் பெண்ணின் பிள்ளைகளுள் வளர்ந்து ஆளானோர் பெவர்லி, ஹரியற், மடிசன், எஸ்ரன் ஆகிய நால்வர். ஜெபர்சனே தம் தந்தை என மடிசன் 1873இல் ஒரு செய்தித்தாளிற் கூறினார். 1998இல் நிகழ்ந்த மரபணு ஆராய்ச்சியின் பின், சரித்திர ஆசிரியர் பெரும்பாலோர் அதனை ஏற்றனர். இவ்வரலாற்றைக் கிம்பர்லி புரூபேக்கர் பிராட்லி என்பார் 2011இல் 'ஜெபர்சனின் மைந்தர்' என்ற நாவலாகச் சிறுவர்க்கு எழுதினார். ஆயினும், அந்நூலில் என் நெஞ்சை விட்டகலாதவன் ஜெபர்சனின் மகன் அல்லன். கொல்லர் ஜோ பொசெற்றின் மகன் பீற்றர்.

1826 யூலை 4இல் ஜெபர்சன் காலமானார். அவரது மரணசாசனம் மடிசன், எஸ்ரன், ஜோ உட்பட ஐவருக்கே விடுதலை அளித்தது. ஜோவின் மனைவி ஈடித் அடிமையாகவே இருந்தார். எனவே பிள்ளைகளும் அடிமைகளே. ஜெபர்சன் விட்டுச் சென்ற கடனோ பெருங்கடன். அதனைத் தீர்ப்பதற்காக 1827 சனவரியில் மொன்ரிசெலோ மாளிகையில் ஏலம் நடந்தது. கால்நடைகளும் தளபாடங்களும் விலைபோன அவ்வேலத்திலே பதினொரு வயதுப் பீற்றரும் விற்கப்பட்டான். தந்தையாரால் அவனைக் காக்க இயலவில்லை.

நாவல் ஏலத்தோடு முடிகின்றது. பிஞ்சு உள்ளங்களுக்கு இத்தகைய முடிவு வேண்டுமா எனச் சில ஆசிரியர் வினவக்கூடும். வேண்டும் என்பதே என் கருத்து. விற்கப்பட்டவனும் அவர்கள் வயதினனே அன்றோ?

கதை விட்ட இடத்திலிருந்து சரித்திரம் தொடர்கிறது. புதிய எசமான் பீற்றரைப் படிக்கலாகாதெனத் தடுத்தான். பீற்றர் மறைவிற் படித்தான், பிறர்க்கும் கற்பித்தான், அடிமைகள் தப்பியோடப் போலி அனுமதிச் சீட்டும் எழுதிக் கொடுத்தான். ஜோ உலைக்களத்தில் உழைத்து, மனைவியையும் பிள்ளைகள் சிலரையும் மீட்டார். பீற்றரை மட்டும் எசமான் விற்க மறுத்தான். ஓடிப்போக முயன்று அகப்பட்ட அவரை, 1850ஆம் ஆண்டளவில் மீண்டும் ஏலத்தில் நிறுத்தியபோதே உறவினரும் நண்பரும் வாங்கி விடுவித்தனர்.

சின்சினாற்றி நகரிலே பீற்றர் மதபோதகராக விளங்கினார். முதுமையில், 1900ஆம் ஆண்டிலே, மொன்ரிசெலோவுக்கு ஒருமுறை சென்று தாம் பிறந்த இடத்தைப் பார்த்து வந்தார்.