தைக்காம ஒட்ட முடியாதா?

மம்சாபுரத்தில் வளர்ந்த எனக்குக் காயம் என்றாலே துணிதான் ஞாபகம் வரும். பக்கத்தில் ராஜபாளையம், அதைத் தாண்டினால் சத்திரப்பட்டி. அங்கே தறிகளில் ஓடுவது பேண்டேஜ் துணி. எட்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து தாடை கிழிந்தபோது நாலு தையல் போட்டு, மேலே அப்படியொரு துணியை வைத்துக் கட்டினார்கள். காயத்தைவிட ஊசிக்குத்தான் அதிகம் அழுதேன். “தைக்காம ஒட்ட முடியாதா?” என்று கேட்டேனாம். அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

தையல் நமக்குப் பழசு. பதிற்றுப்பத்தில் பரணர், வீரர்களின் மார்புக் காயத்தைத் தைக்கும் ஊசியைக் குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்தியோடு ஒப்பிடுகிறார். ஆனால் ஒரு கிழிசலை மூட ஊசி பல துளைகள் போடுகிறது. தோலில் பரவாயில்லை. கல்லீரல் மாதிரி மெத்தென்ற உறுப்பில் அந்தத் துளைகளே கசியும்.

இதற்கு மாற்று நம் ரத்தத்திலேயே இருக்கிறது. ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை த்ராம்பின் என்ற நொதி வெட்டும். வெட்டுப்பட்ட துண்டுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஃபைப்ரின் வலையாகும். அடிபட்ட இடத்தில் ரத்தம் உறைவது இப்படித்தான். இந்த இரண்டையும் தனித்தனியே எடுத்துவைத்து, காயத்தின் மேல் சேர்த்துவிட்டால் பசை ரெடி. புண் ஆற ஆற உடலே அதைக் கரைத்துவிடும்.

1909-லேயே பெர்கல் என்பவர் ரத்தக்கசிவை நிறுத்த ஃபைப்ரின் பொடியைப் பயன்படுத்தினார். 1944-ல் ஒட்டுத்தோலைப் பிடித்துவைக்க இரண்டு பொருள்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். 1972-ல் வியன்னாவில் ஹெலீன் மட்ராஸ் குழு, விலங்குகளின் நரம்பைத் தையலில்லாமல் இணைத்தது.

அப்புறம் ஏன் தாமதம்? மூலப்பொருள் மனித பிளாஸ்மா. பலருடைய பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து பிரித்தெடுக்கும்போது, ஒருவரிடம் ஹெபடைடிஸ் இருந்தாலும் எல்லோருக்கும் ஆபத்து. 1978-ல் அமெரிக்கா அப்படித் தயாரான ஃபைப்ரினோஜனின் உரிமத்தை ரத்து செய்தது. ஃபைப்ரின் பசைக்கு அங்கே அனுமதி கிடைத்தது 1998-ல்தான். என் தொழில் பாஷையில் சொன்னால், கோடில் பிழையில்லை. உள்ளே வந்த டேட்டாவில்தான் பிழை. கொடையாளர் பரிசோதனையும் வைரஸை அழிக்கும் முறைகளும் தேறிய பிறகே கதவு திறந்தது. நம் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் ஃபைப்ரின் பசையை உருவாக்கியது.

ஃபைப்ரினுக்கும் குறை உண்டு: இழுத்தால் தாங்காது. அதனால் தேடல் வேறு உயிர்களிடம் போனது. 2017-ல் ஹார்வர்டில் ஒரு குழு, ஓடில்லா நத்தையின் பிசினைப் பார்த்து, ஈரத்திலும் ஒட்டும் ஒரு பசையைச் செய்தது. அதில் சேர்ந்த கைட்டோசானை இறால் ஓட்டிலிருந்தும் எடுக்கலாம். ஆல்ஜினேட் கடல்பாசியிலிருந்து வருவது.

இவையும் அதே தேர்வை எழுதியாக வேண்டும். ஒட்டுகிறதா என்பது முதல் கேள்விதான். எங்கிருந்து எடுத்தாய், சுத்தமா, உடம்புக்குள் போய் என்ன ஆகும் என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். ஃபைப்ரின் ஒட்டும் என்று 1944-லேயே தெரியும். அதை நம்பலாம் என்று சொல்ல இன்னும் 54 வருஷம் ஆனது. அம்மா அடுத்த முறை சிரிக்கும்போது இதைத்தான் சொல்ல வேண்டும்: முடியும்மா, ஆனா அவசரப்படக் கூடாது.